காளியைத் திட்டலாமா?

கேள்வி: வங்காளப் பக்திப் பாடல்களை மொழிபெயர்ப்பில் படிக்கிறேன். ஒருவர் காளியிடம் சண்டை போடுகிறார், இன்னொருவர் கூண்டு, பறவை என்கிறார். இதில் பக்தி எங்கே?

பதில்: அந்தச் சண்டையில்தான்! 18-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ராம்பிரசாத் சென்னுக்குக் காளி அம்மா. அம்மாவிடம் பிள்ளை மரியாதை பார்த்தா பேசும்? அவர் கணக்கு எழுதும் வேலையில் இருந்தபோது கணக்கு நோட்டிலேயே பாட்டெழுதினார் என்று ஒரு கதை உண்டு. அது நடந்ததோ இல்லையோ, ஒரு பாட்டில் ‘அம்மா, கஜானாப் பொறுப்பை என்னிடம் கொடு, நான் நன்றி கெட்டவன் இல்லை’ என்று வேலை கேட்கிறார், இப்போது பொறுப்பில் இருக்கும் சிவன் ‘போலா’ ஆயிற்றே என்று கோள்மூட்டவும் செய்கிறார். போலா என்றால் மறதிக்காரர், சிவனின் செல்லப்பெயரும் அதுதான். இன்னொரு பாட்டில் ‘மனசே, உனக்கு உழவு தெரியவில்லை, இந்த மானிட நிலம் தரிசாகக் கிடக்கிறது’ என்கிறார். போட வேண்டிய வேலி, காளியின் பெயர்.

கூண்டு, வங்காளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடும் பாவுல் பாடகர்களுடையது. 1890-இல் மறைந்த லாலன் ஃபக்கீரின் பாட்டில் கூண்டு உடம்பு, எப்படி வந்து எப்படிப் போகிறதென்றே பிடிபடாத பறவை உயிர்.

அப்புறம், வைணவப் பாடல்களில் ராதை மழை இருட்டில் கண்ணனைத் தேடிக் கிளம்புவாள். அவளை உடனே ‘ஜீவாத்மா’ என்று மாற்றிப் படிக்காதீர்கள், வழியில் இருக்கும் சேறும் பாம்பும் காணாமல் போய்விடும்.