காலியாகாத டம்ளர்

கேள்வி: எனக்கு 38 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் ஒரு கட்டிங்கோடு எழுந்துவிடுவேன். சனிக்கிழமை நண்பர்களோடு உட்கார்ந்தால் மட்டும் ஒன்றரை குவார்ட்டர் போய்விடுகிறது. யாரும் வற்புறுத்துவதில்லை. ‘அந்தக் கூட்டத்தையே விட்டுடுங்க’ என்கிறாள் மனைவி. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி கண்விழித்தவர்கள் அவர்கள்தான். எப்படி விடுவது?

பதில்: வற்புறுத்தினால் மறுத்திருப்பீர்கள். வற்புறுத்தாததால்தான் மாட்டிக்கொள்கிறீர்கள். 1975இல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை ஒயின் ருசிபார்க்க அழைத்து ஓர் ஆய்வு நடந்தது. பக்கத்தில் இருந்தவர் ஆய்வாளர்கள் அமர்த்திய ஆள். அவர் நிறையக் குடித்தால் மாணவர்களும் நிறையக் குடித்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை உங்கள் மேஜையைக் கவனியுங்கள். ஊற்றிக் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். உங்கள் டம்ளரில் கால்வாசி இருக்கும்போதே அதன் மேலேயே ஊற்றித் தண்ணீர் கலந்துவிடுவார். அன்புதான், சந்தேகமில்லை. ஆனால் டம்ளர் காலியானால்தானே எத்தனையாவது என்று தெரியும்? போதாக்குறைக்கு, கூட்டுப் போட்டு வாங்கிய ஃபுல்லை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோன கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். ஒன்றரை குவார்ட்டர் என்றால், ஞாயிறு காலை பிள்ளையை வண்டியில் உட்காரவைத்துக் கறிக்கடைக்குப் போகும்போதும் போதை முழுசாக இறங்காமல் இருக்கலாம்.

நண்பர்களை விடச் சொல்ல மாட்டேன். கூட்டுக் கணக்கிலிருந்து விலகுங்கள். உங்கள் கட்டிங்கை நீங்களே வாங்கி, நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போங்கள். கேலி செய்வார்கள், சரி. கண்விழித்தவர்களில் ஒருவரிடம் முன்பே விஷயத்தைச் சொல்லிவையுங்கள். மற்றவர்களை அவர் பார்த்துக்கொள்வார். ஒரு மாதம் பார்த்தும் கட்டிங்கோடு எழ முடியவில்லையா? அப்போது உங்கள் மனைவி சொன்னதுதான் சரி. நண்பர்களைக் காலையில் டீக்கடையில் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. காலையில் கை நடுங்குகிறது, ஊற்றினால்தான் நிற்கிறது என்றால், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.