கிளினிக்குக்குப் போனதற்காக வேலை போகுமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். உம்லாங்காவில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக, வாரம் ஆறு நாள், படுக்கையில் கிடக்கும் பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். இருவருக்குமே சர்க்கரை நோய். பாட்டியின் இன்சுலின் அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. இவருடையதை அங்கே வைக்க விடவில்லை, ஐஸ் பையில் கொண்டுபோகிறார். மாதம் ஒரு நாள் கிளினிக் வரிசையிலேயே போய்விடுகிறது. அதற்குச் சம்பளம் பிடித்தார்கள். இப்போது பாட்டியின் மகன், "மாதக் கடைசியோடு நின்றுகொள்ளுங்கள்" என்று சொல்லி, இவரே விலகுவதாக எழுதிய தாளை நீட்டியிருக்கிறார்.

அக்கா, அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால், நீங்களாக விலகவில்லை, அவர்கள்தான் நிறுத்தினார்கள் என்று நிரூபிப்பது பெரும்பாடாகிவிடும்.

வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்பவரும் சட்டப்படி வீட்டுப் பணியாளர்தான். ஒப்பந்தம் எழுதாவிட்டாலும் உரிமை உண்டு. ஆறு வாரத்தில் எத்தனை நாள் வேலை செய்வீர்களோ, அத்தனை நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு 36 நாள், அதாவது மாதத்துக்கு ஒன்று. ஆனால் "மருந்து வாங்கத்தானே போனார்" என்று பாட்டியின் மகன் வாதாடலாம். அங்கே ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, மருந்தின் அளவை மாற்றுகிறார்கள் அல்லவா? அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர்தான் தர வேண்டும் என்றில்லை. நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தகுதி பெற்று, தன் மருத்துவத் தொழிலுக்கான கவுன்சிலில் பதிந்தவர் தந்தால் போதும்.

நோயைக் காரணம் காட்டி யாரையுமே நிறுத்த முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன் உங்களிடம் பேசி, நோய் எந்த அளவு, வேலையைச் சற்று மாற்றித் தர முடியுமா என்று பார்த்திருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் கேட்காமல் தாளை நீட்டியது அநியாயம். நிறுத்திவிட்டால் 30 நாளுக்குள் டர்பனில் உள்ள சிசிஎம்ஏ (வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பு) அலுவலகத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. வென்றால் திரும்ப வேலையில் அமர்த்தவோ, 12 மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரவோ உத்தரவிடலாம்; பாகுபாடு என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நிரூபணமானால் 24 மாதம் வரை.

அப்புறம், பாட்டியைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது என்று ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது சின்ன விஷயமில்லை. பிரிட்டோரியாவில் வேலை செய்த வீட்டு நீச்சல்குளத்தில் 2012-இல் மூழ்கி இறந்த மஹ்லாங்கு என்ற பணிப்பெண்ணின் மகள் போராடியதால்தான், வேலையில் காயம்பட்டால் கிடைக்கும் இழப்பீட்டிலிருந்து வீட்டுப் பணியாளர்களை ஒதுக்கியது செல்லாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்தது. அடிபட்ட தேதியையும் அன்று யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் இன்றே எழுதி வையுங்கள்.

கிளினிக் அட்டை, சம்பளம் வந்த வங்கிக் கணக்குத் தாள், மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். அந்த வீட்டில் வைக்காதீர்கள்.