பின் சக்கரத்தில் மூன்று சத்தங்கள்

வணக்கம் சார்,

சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் நான்கைந்து பேர் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை சைக்கிளில் போய் வருவோம். என்னுடையது அலுவலக நண்பரிடம் வாங்கிய பழைய ரோடு பைக். ஷிமானோ ஹப் (சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி இருக்கும் பகுதி), ரிம் பிரேக், பத்து ஸ்பீடு. மழைக்காலம் முடிந்ததும் வண்டி முழுக்க மண்ணாக இருந்தது. பைக்குகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் விட்டுக் கழுவினேன். அப்புறம் தெருமுனையில் இருக்கும் சைக்கிள் கடையில் பின் ஹப்பைப் பிரித்து ஓவராயிலிங் செய்தேன். கடைக்காரர் முப்பது வருட அனுபவம் உள்ளவர். அச்சை என் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார், வெண்ணெய் மாதிரி ஓடியது.

மாட்டி ஓட்டினால் மூன்று சத்தம் வருகிறது. ஒன்று, மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் அடியில் 'கொர்ர்' என்று. இரண்டு, மிதிக்காமல் உருளும்போது வரும் 'டிக் டிக்' முன்பைவிட ரொம்பச் சத்தமாக. மூன்று, பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் 'டக்'. வேறொரு பெரிய கடையில் காட்டினேன். ஹப் போய்விட்டது, வீல் செட்டையே மாற்றிவிடுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? நானே பிரிக்கலாமா? அதுவரை டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து ஓட்டலாமா? வரும் ஞாயிறு போகலாமா?

க., திருவான்மியூர்

அன்புள்ள க.,

சத்தங்களைத் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். இதுவே பாதி வேலை. 'பின்னாடி ஏதோ சத்தம் வருது' என்று மட்டும் சொன்னால் எந்த மெக்கானிக்கும் கையில் கிடைத்ததை மாற்றத்தான் பார்ப்பார். மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவதாக நினைத்துக்கொண்டுதான் அந்தப் பெரிய கடையில் வீல் செட் வரைக்கும் போயிருக்கிறார்கள். எனக்கு இவை மூன்று தனிக் காரணங்களாகத் தெரிகின்றன. அவற்றில் ஒன்றுதான் அவசரம்.

அந்த 'கொர்ர்'. மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும் வருகிறது என்றால் செயின், பெடல், பிரீஹப் (மிதிக்காதபோது சக்கரத்தைத் தனியாக உருளவிடும் பகுதி) மூன்றையும் விட்டுவிடலாம். சக்கரம் சுற்றும்போதெல்லாம் சுற்றுவது பேரிங் மட்டும்தான். ஆனால் கடையில் உங்கள் கையில் வெண்ணெய் மாதிரி ஓடிய அதே பேரிங் வண்டியில் மாட்டியதும் உறுமுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பேரிங்கின் குண்டுகளான பால்ரஸ் தேய்ந்திருந்தால் கையிலும் கரகரக்கும்.

உங்கள் கடைக்காரர் மேல் தப்பில்லை, அவர் கைப்பழக்கம் வேறு வகை அச்சுக்கானது. சாதாரண சைக்கிளில் அச்சு கெட்டியான இரும்புக் கம்பி, இரண்டு பக்கமும் நட்டு. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த இறுக்கம் நட்டுக்கும் அதற்கு உள்ளே இருக்கும் பூட்டு நட்டான லாக்நட்டுக்கும் நடுவில் ஃபிரேமைப் பிடிப்பதோடு நின்றுவிடும். பால்ரஸை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கும் கூம்பு வடிவ நட்டுகளான கோன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஆட்டம் துளியும் இல்லாமல், அதே நேரம் பிடிக்காமல் கோனை நிறுத்துவதுதான் அங்கே சரியான வேலை. முப்பது வருடமாக அவர் அதைத்தான் செய்கிறார்.

உங்கள் வண்டியில் இருப்பது குவிக் ரிலீஸ், ஸ்பானர் இல்லாமல் ஓரத்து நெம்பை மடக்கியே சக்கரத்தை மாட்டும் வகை. அச்சு உள்ளே குழாயாக இருக்கும். நடுவே மெல்லிய கம்பி ஓடும், நெம்பை மடக்கினால் அந்தக் கம்பி இரண்டு முனைகளையும் உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பு அச்சின் நீளம் முழுவதையும் அமுக்குகிறது. அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கும், கோன்கள் இரண்டும் அந்த அளவுக்கு உள்ளே நெருங்கும். கையில் சரியாக இருந்த பேரிங் நெம்பை மடக்கியதும் இறுகிவிடும். எனவே குவிக் ரிலீஸ் ஹப்பை வெளியே வைத்து சரிசெய்யும்போது வேண்டுமென்றே கொஞ்சம் ஆட்டம் விட வேண்டும். நெம்பை மடக்கியதும் அந்த ஆட்டம் காணாமல் போக வேண்டும்.

நான் சொல்வது சரியா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். கீழே ஒரு துணி போட்டு வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். செயினைப் பின் பல்சக்கரத்திலிருந்து எடுத்து ஓரமாகத் தொங்க விடுங்கள். நெம்பு இறுகியிருக்கும் நிலையில் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிவிட்டு, அச்சுக்குப் பக்கத்தில் ஃபிரேம் குழாயில் விரல் நுனியை வையுங்கள். காதைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும். சக்கரம் எப்படி நிற்கிறது என்றும் கவனியுங்கள். நல்ல ஹப் என்றால் கடைசியில் கனமான பக்கம் கீழே வந்து, இப்படியும் அப்படியுமாக இரண்டு மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிற்கும். இறுகிய ஹப் ஆடாமல் அப்படியே நின்றுவிடும். செயினை எடுக்கச் சொன்னதற்குக் காரணமும் இதுதான்: சக்கரம் பின்பக்கம் திரும்பும்போது பிரீஹப் பிடித்துக்கொண்டு செயினையும் இழுக்கும், ஆட்டம் தெரியாது.

இப்போது நெம்பை மட்டும் திறங்கள். தலைகீழாக இருப்பதால் சக்கரம் தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும். மறுபடி மெதுவாகச் சுற்றுங்கள். உறுமல் குறைந்து சக்கரம் ஆடி நின்றால் நோய் பிடிபட்டது, கோன் அதிக டைட். இரண்டு நிலையிலும் ஒரே கரகரப்பு என்றால் உள்ளே மண்ணோ, கோனில் குழியோ இருக்கிறது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்களே பிரிக்கலாம். 15 மி.மீ. கோன் ஸ்பானரும் 17 மி.மீ. ஸ்பானரும் வேண்டும். கோன் ஸ்பானர் தகடு மாதிரி மெல்லியது. சாதாரண ஸ்பானர் அந்த இடுக்கில் நுழையாது. நுழைக்கப் பார்த்தால் கோனின் முனைகள் மழுங்கிவிடும். வேலை முழுவதும் இடது பக்கத்திலேயே நடக்கட்டும். கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) இருக்கும் வலது பக்கத்தின் லாக்நட்டைத் தொடாதீர்கள், தொட்டால் அச்சு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது என்ற கணக்கு போய்விடும்.

டைட் மட்டும்தான் பிரச்சினை என்றால் பிரிக்கவே வேண்டாம். இடது லாக்நட்டைத் தளர்த்தி, கோனைத் துளி பின்னால் திருப்பி, கோனை ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக்நட்டை இறுக்குங்கள். எவ்வளவு துளி? இந்த அச்சில் கோன் ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். நமக்கு வேண்டியது கால் சுற்றில் கால் பங்கு போல. ஒரே தடவையில் சரியாக அமையாது, யாருக்கும் அமைவதில்லை. சக்கரத்தை மாட்டி, நெம்பை மடக்கி, பிரேக் கட்டைக்குப் பக்கத்தில் ரிம்மைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். 'கடக் கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே, ஆட்டமில்லாமல் உறுமினால் இன்னும் கொஞ்சம் வெளியே. கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டித்தான் அந்த இடத்தைப் பிடிக்க முடியும். பொறுமையில்லாதவர்கள் இந்த வேலையைக் கடையிலேயே விடலாம். ஆனால் 'நெம்பை மடக்கிப் பார்த்து சரிசெய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு வாருங்கள். உங்கள் தெருமுனைக்காரரிடமே சொல்லலாம். முப்பது வருடக் கை, இதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு ஒரு தடவை போதும்.

பிரிக்க வேண்டி வந்தால் கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ், கால் அங்குலம். பழையவற்றைத் துடைத்துப் போட வேண்டாம், புதிது வாங்குங்கள், மலிவுதான். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், அளவு மாறினால் பெரியவை மட்டும் பாரம் சுமக்கும். மண்ணெண்ணெயில் கோனைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். பால்ரஸ் ஓடிய தடம் மங்கலான ஒரு வளையமாகத் தெரியும், அது வழக்கமான தேய்மானம்தான். அந்தத் தடத்தில் பால்பாயிண்ட் பேனா முனையை லேசாக ஓட்டுங்கள். எங்காவது தட்டுப்பட்டால் குழி விழுந்திருக்கிறது. கோனை மாற்ற வேண்டும். இடதும் வலதும் வேறு வேறு என்பதால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். ஹப்புக்குள் பால்ரஸ் உட்காரும் கிண்ணமான கப்பிலும் இதே பேனா சோதனை. அங்கே குழி இருந்தால்தான் அந்தப் பெரிய கடைக்காரர் சொன்னது சரி. கப் ஹப்போடு சேர்ந்தது, தனியாக மாற்ற வழியில்லை.

இதனால்தான் இந்தச் சத்தத்தை அவசரம் என்றேன். இறுகிய ஹப்பில் ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் கோனைத் தின்கிறது, அப்புறம் கப்பைத் தின்கிறது. இன்று ஸ்பானரோடு தீரக்கூடியது நாளைக்கு உண்மையாகவே புது வீல் ஆகிவிடும்.

(இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் ஹப்பில் கோன் இல்லாமல் சீல் போட்ட பேரிங் இருக்கலாம். அப்படியென்றால் இந்தத் திருப்பல் வேலை எதுவும் பொருந்தாது. பேரிங்கின் ஓரத்தில் 6902 போல ஓர் எண் இருக்கும். 6902 என்றால் உள் விட்டம் 15, வெளி விட்டம் 28, அகலம் 7 மி.மீ. அதே எண்ணை பேரிங் கடையில் கேட்டு வாங்கி மாற்ற வேண்டியதுதான். ஹப்புக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் விழ வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் தட்டினால் புது பேரிங்கை மாட்டும்போதே கெடுத்துவிடுவீர்கள்.)

அடுத்தது 'டிக் டிக்'. இதற்காகப் பயப்பட வேண்டாம். பிரீஹப்புக்குள் ஸ்பிரிங் வைத்த சிறு நாக்குகள் இருக்கின்றன. மிதிக்கும்போது அவை பற்களில் மாட்டி சக்கரத்தை இழுக்கும், மிதிப்பதை நிறுத்தினால் பற்களின் மேல் தத்தித் தத்திப் போகும். அந்தத் தத்தல்தான் சத்தம். கிரீஸ் இருந்தால் சத்தம் அமுங்கும். உங்களுக்கு வாட்டர் சர்வீஸில் அடித்த தண்ணீர் கிரீஸைக் கொஞ்சம் கழுவிக்கொண்டு போயிருக்கிறது. மோட்டார் பைக்குக்கு அடிக்கும் அந்த வேகத்தில் சைக்கிள் ஹப்பின் பக்கமாகத் தண்ணீர் அடித்தால் எந்த சீலும் தாங்காது. இனி வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

விலையுயர்ந்த ஹப்கள் பலவும் பிறந்ததிலிருந்தே சத்தமானவை. டிடி ஸ்விஸ் ஹப்களில் நாக்குகளுக்குப் பதிலாக முகத்துக்கு முகம் பொருந்தும் இரண்டு பல்வளையங்கள். 18, 36, 54 பற்கள் என்று வகைகள் உண்டு. கிறிஸ் கிங் ஹப்பில் 72. அந்தச் சத்தத்துக்காகவே அவற்றை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ஈசிஆரில் நின்றால் யாரிடம் எந்த ஹப் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார்கள்.

எனக்குக் கவலை தருவது எதிர்ப்பக்கம்தான். டிக் டிக் திடீரென்று குறைந்தாலோ விட்டு விட்டு வந்தாலோ ஒரு நாக்கு அழுக்கிலோ கெட்டி கிரீஸிலோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். எழுந்து நின்று மிதிக்கும்போது அது பிடிக்காமல் போனால் பெடல் வெறுமையாகச் சுற்றிவிடும், ஆள் குறுக்குக் குழாயின் மேல் விழுவார். எனவே பிரீஹப்புக்குள் சக்கர பேரிங் கிரீஸைத் திணிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அங்கே இளகிய கிரீஸோ கெட்டியான எண்ணெயோதான் போக வேண்டும். உங்கள் ஷிமானோவின் பிரீஹப் பிரித்துப் பராமரிக்க ஏற்பட்டது அல்ல. கெட்டால் முழுதாகக் கழற்றிப் புதிது போடுவதுதான் வழக்கம். அச்சை எடுத்துவிட்டால் பழைய மாடல்கள் பெரும்பாலானவற்றில் 10 மி.மீ. ஆலன் கீயால் கழன்று வந்துவிடும். இப்போதைக்கு அதன் பின்பக்க இடுக்கில் நாலைந்து சொட்டு கெட்டி எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சாய்த்து வைத்துச் சுற்றினால் போதும்.

டபிள்யூடி-40 ஹப்பின் பக்கமே வர வேண்டாம். அன்றைக்கு மட்டும் சத்தம் குறையும். உள்ளே இருக்கும் கிரீஸை இளக்கி வழியவிட்டு, மறுவாரம் முன்பைவிட மோசமாக்கும்.

கடைசி 'டக்' ஹப்பில் இருந்தே வராமல் இருக்கலாம். எழுந்து நின்று மிதிக்கும்போது மட்டும் வருகிறது, அதாவது வண்டி வளையும்போது ஏதோ ஒன்று நகர்கிறது. குவிக் ரிலீஸ் கம்பியைக் கழற்றி, நெம்பின் திருகு பகுதியிலும் அச்சு உட்காரும் ஃபிரேம் பிளவின் முகத்திலும் இருக்கும் மண்ணைத் துடைத்து லேசாக எண்ணெய் காட்டுங்கள். மடக்கும்போது நெம்பின் தடம் உள்ளங்கையில் பதிய வேண்டும், அந்த அளவுக்கு இறுக்கம். கேசட்டைப் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் அதைப் பூட்டும் வளையமான லாக்ரிங் தளர்ந்திருக்கிறது. அதன் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர், நினைப்பதைவிட அதிகம். அப்புறம் ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்குங்கள். எங்காவது 'டக்' என்றால் அந்தக் கம்பிகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய். நிறையக் கம்பிகள் தளர்ந்திருந்தால் கோட்டம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். இவை எதிலும் இல்லையென்றால் சீட் போஸ்ட், பெடல் என்று முன்னால் தேட வேண்டியதுதான். ஃபிரேம் குழாய்கள் சத்தத்தை எங்கிருந்தோ எங்கேயோ கொண்டுபோய்க் காட்டும்.

ஞாயிறு போகலாமா என்றால், தலைகீழ் சோதனையில் சக்கரம் ஆடாமல் நின்றால் இந்தச் சக்கரத்தில் போகாதீர்கள். உங்கள் கூட்டத்தில் பத்து ஸ்பீடு ரிம் பிரேக் வைத்திருக்கும் யாரிடமாவது பின் சக்கரத்தை மட்டும் இரவல் வாங்குங்கள். கிளம்பும் முன் கியர் சரியாக விழுகிறதா, பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முட்டுக்காடு பாலத்தில் எழுந்து நின்று மிதித்துப் பாருங்கள். அந்தச் சக்கரத்திலும் 'டக்' வந்தால் உங்கள் ஹப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, திரும்பி வந்து பெடலைக் கழற்றி மரைக்கு கிரீஸ் போடுவதிலிருந்து ஆரம்பியுங்கள்.