ஹீப்பைத் தின்னும் கேஷ்: கேள்வி பதில்

கேள்வி: டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரில் ஹீப் (ப்ரோகிராமின் பொருள்கள் தங்கும் மெமரி) தினமும் கொஞ்சம் ஏறுகிறது. லீக்கா (வேண்டாத பொருள் விடுபடாமல் தங்குவது), கேஷா (மறுபடி பயன்படுத்தச் சேமித்துவைப்பது), எப்படிப் பிரிப்பது?

பதில்: உச்சத்தை விடுங்கள், தரையைப் பாருங்கள். ஃபுல் ஜிசி (ஹீப் முழுவதும் குப்பை அகற்றுவது) முடிந்ததும் ஹீப் எவ்வளவில் நிற்கிறது என்பதே கணக்கு. வரம்புள்ள கேஷ் என்றால் நிரம்பியதும் தரை சமன்படும். நாள் கணக்கில் ஏறினால்தான் வம்பு. ஜேசிஎம்டி என்ற ஜாவா கருவியில் கிளாஸ் ஹிஸ்டோகிராம் (எந்தக் கிளாஸில் எத்தனை பொருள், எவ்வளவு இடம் என்ற பட்டியல்) எடுங்கள், அரை மணி கழித்து இன்னொன்று. அதுவே ஃபுல் ஜிசியை ஓட்டும் என்பதால் கூட்ட நேரத்தில் வேண்டாம். பைட் அரேயும் ஸ்ட்ரிங்கும் பெரும்பாலும் முதலில்தான் வரும். உங்கள் சொந்த கிளாஸ் எது ஏறுகிறது என்று தேடுங்கள். பிறகு ஹீப் டம்ப் (ஹீப்பின் முழு நகல்) எடுத்து, அதை அலசும் எக்லிப்ஸ் மேட் கருவியில் டாமினேட்டர் ட்ரீயைத் திறந்தால் யார் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரியும். டம்பில் பாஸ்வேர்டுகள் அப்படியே கிடக்கும், சாட்டில் அனுப்பாதீர்கள்.

கேள்வி: மேட்டில் பார்த்தால், ஹைபர்நேட் 5.4 என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் குவெரி பிளான் கேஷ் (அலசிவைத்த குவெரிகளின் சேமிப்பு) 1 ஜிபியைத் தாண்டுகிறது. நாங்கள் கேஷே போடவில்லையே?

பதில்: அது தானாகவே வைத்துக்கொள்ளும், இயல்பில் 2048 பிளான் வரை. குவெரியின் 'இன்' பட்டியலில் 5 ஐடி, 6 ஐடி, 7 ஐடி என்று மாற மாற ஒவ்வொன்றும் தனிப் பிளான். ஐடி கூடக்கூடப் பிளானும் கனக்கும். 'இன் கிளாஸ் பாராமீட்டர் பேடிங்'கை ட்ரூ ஆக்குங்கள். 5, 6, 7 மூன்றும் 8 ஆகிவிடும். 1000 ஐடி வரை மொத்தமே 11 பிளான்தான். கிரைட்டீரியா (குவெரியை ஜாவா கோடாகவே கட்டும் முறை) எழுதினால் எண்கள் குவெரிக்குள்ளேயே பதிந்து அதே கூத்து நடக்கும். 'லிட்டரல் ஹேண்ட்லிங் மோட்'டை பைண்ட் ஆக்குங்கள்.

கேள்வி: எக்ஸ்எம்எக்ஸை (ஹீப்பின் உச்சவரம்பை) 4-லிருந்து 8 ஜிபி ஆக்கினால்?

பதில்: செவ்வாய்க்கிழமை விழும் சர்வர் வியாழக்கிழமை விழும்.

கேள்வி: சாஃப்ட் ரெஃபரன்ஸ் (மெமரி தட்டினால் ஜிசி துடைத்துவிடக்கூடிய பிடி) வைத்தால் ஜிசியே பார்த்துக்கொள்ளாதா?

பதில்: காலியான ஒவ்வொரு எம்பிக்கும் 1 நொடி வீதம் விட்டுவைக்கும். 4 ஜிபி காலி என்றால், யாரும் தொடாத பொருள்கூட 68 நிமிடம் அசையாது.

கேள்வி: ஆனாலும் அவுட் ஆஃப் மெமரி வராது சார், ஜாவா ஆவணத்திலேயே உறுதி இருக்கிறது.

பதில்: உறுதி உண்மைதான்: அந்த எரருக்கு முன் எல்லாம் துடைக்கப்படும். அதற்குள் ஃபுல் ஜிசி அடுத்தடுத்து ஓடி ரெக்வெஸ்ட் எல்லாம் டைம் அவுட் ஆகியிருக்கும். துடைத்த மறுநொடி மொத்தக் கூட்டமும் டேட்டாபேஸ் வாசலில் நிற்கும். எரர் வரவில்லை, சர்வரும் வேலை செய்யவில்லை, எதைக் காப்பாற்றினீர்கள்?

கேள்வி: அப்படியானால் வீக் ஹேஷ்மேப் (கீயை வேறு யாரும் பிடிக்காவிட்டால் பதிவை விட்டுவிடும் மேப்)?

பதில்: அதில் கீ மட்டும்தான் வீக். வேல்யூ தன் கீயையே பிடித்திருந்தால் எதுவும் போகாது. காஃபீன் என்ற கேஷ் லைப்ரரியில் வரம்பு வையுங்கள்.

கேள்வி: காஃபீனில் மேக்ஸிமம் சைஸ் 10,000 வைத்தும் ஏறுகிறதே?

பதில்: அது எண்ணிக்கை, பைட் அல்ல. ஒன்று 200 கேபி என்றால் 2 ஜிபி ஆயிற்று. பைட்டையே எடையாக வைத்து மேக்ஸிமம் வெயிட் கொடுங்கள்.

கேள்வி: டாப் கட்டளையில் ரெஸ் (ப்ராசஸ் பிடித்திருக்கும் மெமரி) குறையவில்லை, லீக்கா?

பதில்: இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். வாங்கிய மெமரியை ஜேவிஎம் (ஜாவாவை ஓட்டும் இயந்திரம்) உடனே ஓஎஸ்ஸிடம் திருப்பித் தராது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எக்ஸ்எம்எக்ஸ் 16 ஜிபி?

பதில்: சனிக்கிழமை.