தெரியாத ஏரியில் ஐஸ் மீன்பிடி: சிம்கோவுக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். கோடையில் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுப் பழக்கம் உண்டு, ஐஸ் மீது ஒருமுறையும் இறங்கியதில்லை. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மச்சானையும் 12 வயது மகனையும் கூட்டிக்கொண்டு சிம்கோ ஏரிக்குப் போக எண்ணம். ஐஸில் துளை போடும் ஓகர் ஒன்றும் வாங்கிவிட்டேன். எங்கே இறங்குவது, எவ்வளவு ஐஸ் இருந்தால் போதும், எந்த மீனைக் குறிவைப்பது?

பதில்: முதலில் அந்தச் சனிக்கிழமையைக் கொஞ்சம் தளர்வாக வைத்துக்கொள்ளுங்கள். கோடைப் பயணத்துக்கு நாளைக் குறித்துவிட்டு இடத்தைத் தேடலாம். ஐஸ் மீன்பிடியில் நாளை ஏரிதான் குறிக்கும். மச்சான் லீவு போட்டுவிட்டார், மகன் ஒரு வாரமாகக் காத்திருக்கிறான் என்பதற்காக மெல்லிய ஐஸில் இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அதனால் இரண்டு மூன்று வார இறுதிகளைச் சேர்த்து ஒதுக்குங்கள். சரியில்லை என்றால் போகாமல் இருக்க வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே சம்மதிக்கட்டும்.

சிம்கோவை நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அதை ஒரே ஏரி என்று நினைக்காதீர்கள். 700 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த நீர்ப்பரப்பு அது, இடத்துக்கு இடம் குணம் மாறும். தெற்கே இருக்கும் குக்ஸ் குடா ஆழம் குறைந்தது, செடி அதிகம், முதலில் உறைவதும் அதுதான். மேற்கே பாரி நகரம் வரை நீளும் கெம்பன்ஃபெல்ட் குடா 40 மீட்டரையும் தாண்டி ஆழமானது. அவ்வளவு தண்ணீரும் குளிர்ந்து முடியக் காலம் பிடிக்கும். தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்க, கீழிருந்து சூடான நீர் மேலே வர, முழு ஆழமும் அந்த 4 பாகையை எட்டிய பிறகே மேற்பரப்பு உறைய முடியும். அதனால்தான் குக்ஸ் குடாவில் ஆட்கள் கூட்டமாக இருந்து பேர்ச் என்ற சிறிய மீனைப் பிடித்துக்கொண்டிருக்கும் அதே நாளில், பாரிக்கு முன்னால் திறந்த நீரில் அலை அடிக்கும். "சிம்கோ உறைந்துவிட்டதாம்" என்று யாராவது சொன்னால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள்.

வருடத்துக்கு வருடமும் மாறும். 2024 பெப்ரவரியில் பெரும் ஏரிகளின் (கிரேட் லேக்ஸ்) ஐஸ் பரப்பு அந்தப் பருவத்துக்குப் பதிவான மிகக் குறைந்த அளவுக்குப் போனது. போன வருடம் இந்தத் தேதியில் லொறியே ஓடியது என்ற கதைக்கு இந்த வருடம் மதிப்பில்லை.

எவ்வளவு ஐஸ் போதும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்டிமீட்டர் தெளிவான ஐஸ் என்பது பழகியவர்கள் பலர் சொல்லும் கணக்கு. கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 15 என்கிறது. பிள்ளையோடு, தெரியாத ஏரிக்குப் போகிற உங்களுக்கு 15தான். ஆனால் எண்ணை விட நிறம் முக்கியம். கண்ணாடி போலத் தெளிவாக, கருநீலமாக இருப்பது பலமான ஐஸ். பனி விழுந்து, நனைந்து, மறுபடி உறைந்து பால் வெள்ளையாக இருப்பதற்கு அதில் பாதிப் பலம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அப்படியானால் தடிப்பு இரட்டிப்பாக வேண்டும். சாம்பல் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் ஊறியிருக்கிறது, அதன் மேல் கால் வைக்கவே கூடாது.

இதைக் கரையில் நின்று கண்டுபிடிக்க முடியாது, மேலே பனி மூடியிருக்கும். அதற்குத்தான் அலவாங்கு, ஐஸைக் குத்திப் பார்க்கும் கனமான இரும்புக் கம்பி. ஓகர் வாங்கியவர் இதையும் வாங்கியாக வேண்டும், எனக்குக் கேட்டால் அலவாங்கைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். கரையிலிருந்து ஒவ்வொரு எட்டு வைக்க முன்னும், கால் போகவிருக்கும் இடத்தில் பலமாக இரண்டு குத்து. நல்ல ஐஸ் கையை உதறவைக்கும், சத்தம் இறுக்கமாகக் கேட்கும். சத்தம் மந்தமாக மாறினாலோ முனையில் ஈரம் கண்டாலோ அங்கேயே நில்லுங்கள். திரும்பி ஓடாமல், வந்த தடத்திலேயே பாதத்தைத் தூக்காது இழுத்தபடி பின்வாங்குங்கள். கொஞ்ச தூரம் போனதும் பனியைக் காலால் ஒதுக்கிவிட்டு ஓகரால் ஒரு துளை. வெளியே வரும் சீவல் வெள்ளையா, தெளிவா என்று பாருங்கள். அடிமட்டம் ஒன்றின் நுனியில் சின்னக் கொக்கி பூட்டி துளைக்குள் விட்டு, ஐஸின் அடி விளிம்பில் மாட்டி அளந்தால் சரியான தடிப்பு தெரியும், வெள்ளைப் படை எவ்வளவு, தெளிந்த படை எவ்வளவு என்பதும் துளையின் சுவரில் தெரியும். 30, 40 மீட்டர் போனதும் மறுபடி அளக்க வேண்டும். ஓரிடத்தில் 20 சென்டிமீட்டர் இருப்பது அடுத்த இடத்துக்கு உத்தரவாதம் அல்ல.

ஐஸ் வெடிக்கும் சத்தம், நீளமாக முனகும் சத்தம் எல்லாம் கேட்கும். மகனுக்கு இதை முதலே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவான். குளிர் கூடும்போதும் குறையும்போதும் ஐஸ் சுருங்கி விரிவதால் வருவது அது, சத்தத்தை மட்டும் வைத்து ஆபத்து என்று சொல்ல முடியாது. உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு. ஆறுகள் வந்து சேரும் வாய்கள் ஒன்று, ஹொலண்ட் ஆறு குக்ஸ் குடாவில்தான் விழுகிறது. ஒரிலியாவுக்குப் பக்கத்தில் ஆதர்லி நரோஸ் இன்னொன்று. முழு ஏரியின் நீரும் அந்த ஒடுங்கிய வாயால்தான் கூச்சிசிங் ஏரிக்கு வெளியேறுகிறது, ஓடும் நீரின் மேல் இருக்கும் ஐஸை எந்தக் குளிரிலும் நம்பக்கூடாது. (அதே இடத்தில்தான் பூர்வகுடி மக்கள் ஏறக்குறைய 5,000 வருடங்களுக்கு முன் மரக்கம்புகளை நட்டு மீனை மறித்துப் பிடித்தார்கள். கோடையில் மகனைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய இடம்.) இன்னொன்று, நடு ஏரியில் ஐஸ் தட்டுகள் ஒன்றையொன்று நெருக்கி எழும்பும் வெடிப்புகள். காலையில் தாண்டக்கூடியதாக இருந்த வெடிப்பு, கரையிலிருந்து ஏரியை நோக்கிக் காற்று வீசினால் மத்தியானத்துக்குள் அகன்று திறந்த நீராகிவிடும், நீங்கள் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்வீர்கள். அதனால் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு நிறுத்தாமல் காற்றின் திசையையும் வேகத்தையும் பாருங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு நீங்களாகவே போய் இறங்குவீர்கள் என்றால், முதல் தடவை வேண்டாம் என்பேன். ஐஸ் கொட்டில், அதாவது உள்ளே இருந்து மீன் பிடிக்க ஐஸ் மேல் நிறுத்தும் சின்னக் குடில், வாடகைக்கு விடுபவர்கள் சிம்கோவைச் சுற்றி நிறையப் பேர் உண்டு: கில்ஃபோர்ட், லெஃப்ரோய், ஜாக்சன்ஸ் பொயிண்ட், பீவர்டன் என்று பல கரைகளில். காலையில் அவர்களே பனி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிலில் விடுவார்கள், துளை போட்டிருக்கும், ஹீட்டர் இருக்கும், பின்னேரம் வந்து கூட்டிப்போவார்கள். பலர் இரையும் தருவார்கள். செலவு கொஞ்சம் கூடத்தான். ஆனால் நீங்கள் வாங்குவது அந்தக் கொட்டிலை மட்டும் அல்ல, தினமும் அந்த ஐஸை அளக்கிற ஒருவரின் அறிவை. போகும் வழியில் அவர் எதைச் சுற்றிப் போகிறார், ஏன் சுற்றிப் போகிறார் என்று கேளுங்கள். நேரே போனால் பக்கம்தானே என்று தோன்றும் இடத்தில் அவர் வளைந்து போவார், அங்கேதான் வெடிப்போ ஊற்றோ இருக்கும். கைபேசி வரைபடத்தில் அதைக் குறித்துக்கொண்டால், அடுத்த வருடம் தனியாகப் போகும்போது உதவும். ஆனாலும் அலவாங்கை விட்டுவிட முடியாது.

இரண்டு மூன்று கொட்டில்காரர்களை அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: உங்கள் கொட்டில்கள் நிற்கும் இடத்தில் இன்று எத்தனை சென்டிமீட்டர், வெள்ளையா தெளிவா, அளந்தது எப்போது? நேராகப் பதில் சொல்பவரிடம் போங்கள். "எல்லாம் நல்லா இருக்கு, வாங்கோ" என்று மட்டும் சொல்பவரை விட்டுவிடுங்கள். ஐஸ் சரியில்லாமல் அவர் ரத்துச் செய்தால் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே பேசுங்கள். போகும் வாரம் நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் செய்மதிப் படத்தையும் பார்க்கலாம், அது இலவசம். மேகம் இல்லாத நாளில் ஏரியில் எது வெள்ளை, எது கருமை என்று தெரியும். தடிப்பு அதில் தெரியாது.

மீன் விஷயத்துக்கு வருவோம். மகன் கூட வருவதால் பேர்ச்சைத் தவிர வேறு எதையும் குறிவைக்காதீர்கள். லேக் ட்ரவுட்டும் வைட்ஃபிஷும் சிம்கோவில் பேர்போனவை, ஆனால் அவை 20 மீட்டர் ஆழ நீரிலும் அதற்குக் கீழும் கிடக்கும். நாள் முழுக்க இருந்தும் ஒரு கடி கிடைக்காத நாள்கள் உண்டு. 12 வயதுப் பிள்ளைக்கு அது தண்டனை. பேர்ச் கூட்டமாக அலையும், ஆழம் குறைந்த குக்ஸ் குடாவிலேயே கிடைக்கும், பகல் வெளிச்சத்தில் கடிக்கும். நான் கில்ஃபோர்ட் அல்லது லெஃப்ரோய் பக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கோடைத் தூண்டில் இதற்குச் சரிவராது. இரண்டடி நீளக் குட்டித் தடி, 4 இறாத்தல் பாரம் தாங்கும் தங்கூசி நூல், நகத்தளவு மினுங்கும் தகடு, அதன் முள்ளில் சின்ன மீன் இரை. தகடு அடியைத் தொடும் வரை விடுங்கள், பிறகு நான்கு விரல் அளவு தூக்குங்கள். இரண்டு தரம் மெல்லத் துள்ளவிட்டு அப்படியே அசையாமல் பிடியுங்கள். துள்ளல் மீனைக் கூட்டிவரும், கடிப்பது அசையாமல் நிற்கும்போதுதான். புதியவர்கள் கையை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருப்பதால்தான் பக்கத்துக் கொட்டில்காரன் பிடிக்க இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தடி நுனியில் ஒரு மெல்லிய நடுக்கம் வரும், சில நேரம் நூல் சற்றுத் தளரும், அவ்வளவுதான் கடி. மணிக்கட்டால் சின்னதாக ஒரு வெட்டு வெட்டினால் போதும். 20 நிமிடம் ஒன்றும் இல்லை என்றால் கூட்டம் நகர்ந்துவிட்டது. வேறு கொட்டிலுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அல்லது பக்கத்தில் ஆழம் மாறும் இடத்தில் புதுத் துளை போட அனுமதி கேளுங்கள்.

சட்டப்படி உங்களுக்கும் மச்சானுக்கும் அவுட்டோர்ஸ் கார்டு என்ற ஒன்ராறியோ அரசின் அட்டையும் மீன்பிடி அனுமதிச் சீட்டும் வேண்டும், 18 வயதுக்குக் கீழ் என்பதால் மகனுக்கு வேண்டாம். பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் சீட்டு இல்லாமலே ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம், ஆனால் அன்று ஏரி நிறைந்து வழியும். ஐஸில் ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம், இரண்டும் கண்ணுக்குத் தெரியும்படி 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும். மீன் எண்ணிக்கையும் காலமும் அந்த வருட ஒன்ராறியோ ஒழுங்குவிதிக் கையேட்டில் இருக்கும். சிம்கோவுக்குத் தனி விதிகள் உண்டு, அதையே பாருங்கள். இரையை உள்ளூர்க் கடையில் வாங்கி ரசீதைப் பையில் வையுங்கள். மிஞ்சிய இரையையும் அதன் தண்ணீரையும் ஏரியிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ கொட்டுவது குற்றம். இந்த விதிக்குக் காரணம் இருக்கிறது, 2011இல் சிம்கோ மீன்களில் விஎச்எஸ் என்ற கொடிய வைரஸ் நோய் கண்டுபிடிக்கப்பட்டது.

உடுப்பில் பருத்தி வேண்டாம், ஈரமானால் காயாது. உள்ளே கம்பளி, மாற்றுக் காலுறையும் கையுறையும் ஆளுக்கு இரண்டு சோடி. மூவரும் மிதப்புச் சட்டை போட்டு, கழுத்தில் ஐஸ் பிக் (ஐஸில் குத்திப் பிடித்து ஏற உதவும் கைப்பிடியுள்ள கூர்முனைகள்) தொங்கவிட வேண்டும். பைக்குள் இருக்கும் ஐஸ் பிக்கால் பயனில்லை. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய 1-10-1 கணக்கை மகனும் தெரிந்துகொள்ளட்டும்: குளிர் நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால் வேலை செய்ய 10 நிமிடம், நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். விழுந்த உடனே ஏற முயலாமல் முதலில் மூச்சு. பிறகு வந்த பக்கம் திரும்பி, பிக்கைக் குத்தி, கால்களை உதைத்து வயிற்றால் வழுக்கி ஏறி, எழும்பாமல் உருண்டு விலகுங்கள். வெளியே நிற்பவர் கிட்டப் போகாமல் கயிறு எறிய வேண்டும், 911ஐ அழைக்க வேண்டும்.

கொட்டிலுக்குள் ஆபத்து ஹீட்டர்தான். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. பற்றரியில் ஓடும் அலாரம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், காற்றுத் துவாரங்களைப் பனியோ பையோ அடைத்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். யாருக்காவது தலையிடி வந்தால் உடனே எல்லோரும் வெளியே. கைபேசியைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் பற்றரி நின்றுவிடும். சொந்தக் காரை இந்த வருடம் ஐஸில் ஏற்றவே வேண்டாம். கரையில் எங்கே நிறுத்துவது என்பதையும் கொட்டில்காரரிடமே கேளுங்கள், குளிர்காலத்தில் தெருவோரத்தில் விட்டால் தண்டச் சீட்டு வரலாம்.

பேர்ச் சிறிய மீன், எலும்பு நீக்கி மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பொரித்தால் அருமை. ட்ரவுட் போன்ற பெரிய மீன் தற்செயலாக அகப்பட்டால், காலமும் அளவும் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்றாலும் சமைக்க முன் ஒன்ராறியோ அரசின் மீன் உண்ணும் வழிகாட்டியில் சிம்கோ பக்கத்தைப் பாருங்கள். மீனின் நீளத்தை வைத்து மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கு வேறு, மகனுக்கு அந்த வரிசையைப் பாருங்கள்.