டிஸ்ட்ரிக்ட் கூலிங்னா என்ன? நம்ம சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுனுக்கு ஒத்து வருமா?

சிம்பிளா சொன்னா, ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியா பெரிய ஏர்கோன் மெஷின் வைக்காம, ஏரியாவுக்கே பொதுவா ஒரு பிளாண்ட்ல தண்ணிய சுமார் 6, 7 டிகிரிக்குக் குளிர வெச்சு மண்ணுக்கடியில பைப்புல அனுப்புறது. கேஎல்சிசி டுவின் டவருக்கும் புத்ராஜெயா கவர்மெண்ட் ஆபீசுங்களுக்கும் இப்படித்தான் போகுது.

இதுல செலவு ஏன் மிச்சமாகுதுன்னா, எல்லாருக்கும் ஒரே நேரத்துல முழு குளிர் தேவைப்படாது, ஆபீசுக்குப் பகல்ல, ஹோட்டலுக்கு ராத்திரில, அதனால மொத்தத்துல சின்ன மெஷினே போதும், அதோட ராத்திரி கரண்டு விலை கம்மியா இருக்கறப்பவே ஐஸாவோ குளிர்ந்த தண்ணியாவோ டேங்குல சேத்து வெச்சு பகல்ல எடுத்துக்கலாம், இதுதான் இதுல ரொம்ப அழகான விஷயம். திருவிழால வீட்டுக்கு வீடு உலை வைக்காம கோயில்ல ஒரே அண்டாவுல ஆக்குற மாதிரிதான்.

பிளாண்ட்டுக்குக் காசு போடுறது அத நடத்துற கம்பெனி, கட்டடக்காரர் மீட்டர் பாத்து மாசாமாசம் கட்டுவார். பயன்படுத்துனதுக்கு ஒரு கட்டணம், அவருக்குன்னு ஒதுக்கி வெச்ச குளிர் அளவுக்கு இன்னொரு கட்டணம். இந்த ரெண்டாவத அக்ரிமெண்ட்ல நல்லா பாருங்க, கட்டடம் காலியா கெடந்தாலும் பொதுவா அது ஓடிக்கிட்டே இருக்கும்.

நம்ம டவுன்ல ரெண்டு மாடி ஷாப்லாட் வரிசைங்க, அதத் தாண்டுனா தோட்டம். கட்டடம் நெருக்கமா இல்லன்னா பைப் செலவே கட்டுப்படியாகாது, இங்க கூரையில சோலார் போடுறதுதான் புத்தி.

பைப்புல குளிர் காத்து வருதுன்னு பலபேர் நெனைக்கிறாங்க, வர்றது தண்ணி மட்டும்தான், காத்து உங்க கட்டடத்துக்குள்ளயேதான் குளிருது, கொஞ்சம் சூடேறுன தண்ணி திரும்ப பிளாண்ட்டுக்கே போயிடும்.