உடம்பு கேட்பதைக் கொடுப்பதா, அடக்குவதா?

கேள்வி இதுதான்: உடம்பு தரும் இயல்பான அறிகுறிகளைக் கவனித்து நடந்தால் நோய் அண்டாது என்கிறார்கள். ஆன்மிகப் பயிற்சியோ பசியைப் பொறு, தூக்கத்தைக் குறை, அசையாமல் உட்கார் என்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? நான் எதைக் கேட்பது?

பொருந்தும் என்பதுதான் என் பதில். உடம்பின் தேவை வேறு, மனசின் ஆசை வேறு. தேவையை அடக்கக் கூடாது, ஆசையை அடக்கப் பழக வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே குரலில் கூப்பிடுவதால்தான் இவ்வளவு குழப்பம். வந்திருப்பது யாருடைய குரல் என்று பிரித்தறிவதே பயிற்சியில் பாதி என்று நான் உறுதியாக நம்புகிறேன். பல வருடமாகத் தினமும் தியானத்தில் உட்கார்பவன் என்ற முறையில் நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

நம் பழைய வைத்தியர்கள் இந்தப் பிரிவினையை எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள், அதாவது உடம்பின் இயல்பான உந்துதல்கள், என்று 14 சொல்கிறது: அபான வாயு (கீழே பிரியும் காற்று), தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம் (விந்து), சுவாசம். ஆயுர்வேதத்தில் பழைய ஆசிரியரான சரகர் தம் நூலில் 13 சொல்கிறார், பட்டியல் கொஞ்சம் மாறும். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அதோடு நிறுத்தாததுதான். அதே அத்தியாயத்தில் அடக்க வேண்டிய வேகங்களையும் வரிசைப்படுத்துகிறார். பேராசை, பயம், கோபம், கர்வம், பொறாமை, கடுஞ்சொல், பொய், கோள் சொல்வது, பிறர் பொருளைத் திருடுவது எல்லாம் அதில் வரும். வைத்திய நூலில் எதற்கு ஒழுக்கம் என்று தோன்றலாம். அவருக்கு இரண்டும் ஒரே பாடம். வயிறும் மூத்திரப்பையும் கேட்டால் உடனே கொடு, கோபம் கேட்டால் கொடுக்காதே. உங்கள் கேள்வியில் இருக்கும் முரண்பாடு அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

நாம் பெரும்பாலும் செய்வது இதற்கு நேர் எதிர். கோபம் வந்தால் அந்த நொடியே கொட்டிவிடுகிறோம். வெளிக்கு வந்தால் இந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று இறுக்கிக்கொண்டு உட்கார்கிறோம்.

அப்படி இறுக்கினால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாப்பாடு இரைப்பைக்குள் போய் அது விரிந்ததும் பெருங்குடல் தானாக அசையத் தொடங்கும். காலையில் இந்த அசைவு பலமாக இருக்கும், அதனால்தான் பலருக்குக் காலை உணவுக்குப் பின் வயிறு கூப்பிடுகிறது. மலம் மலக்குடலுக்கு வந்து அதன் சுவர் விரியும்போது உந்துதல் வரும். அதை மறுத்தால் கொஞ்ச நேரத்தில் உந்துதல் அடங்கிவிடும், நாமும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்போம். ஆனால் உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது இறுகும். இதையே வழக்கமாக்கினால் மலக்குடல் அந்த விரிவுக்குப் பழகிப்போய் உந்துதலே மங்கிவிடும். கூப்பிட்டும் வராத ஆளை நாளடைவில் கூப்பிடுவதை விட்டுவிடுகிறது. உடம்பின் குரல் கேட்கவில்லை என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்திருப்பது இதுதான்.

சிறுநீரும் ஏறக்குறைய அப்படித்தான். சுமார் 150 முதல் 250 மில்லி சேர்ந்ததும் லேசாகத் தெரியும். 400, 500 மில்லி வரை பெரும்பாலானவர்களால் தாங்க முடியும் என்பதற்காகத் தினமும் அந்த எல்லைவரை போக வேண்டியதில்லை. சிலர் அடிக்கடி எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரையே குறைத்துவிடுகிறார்கள். ஒரு வேகத்தை அடக்க இன்னொன்றையும் சேர்த்து அடக்குகிறார்கள், அது இன்னும் மோசம்.

பசிதான் கடினமானது. இங்கேதான் தேவையும் ஆசையும் பின்னிக் கிடக்கின்றன. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். பசியைத் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நாம் வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போது அது ஏறும். அந்த வேளை சாப்பிடாமல் விட்டாலும் சிறிது நேரத்தில் தானாக இறங்கிவிடும். அப்படியென்றால் மணி அடித்தாற்போல வரும் பசியில் ஒரு பங்கு வெறும் பழக்கம். விரதம் இருப்பவர்கள் "முதல் வேளையைத் தாண்டிவிட்டால் பசிக்காது" என்று சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அப்படியானால் நிஜப் பசியை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கவனித்தவரை அதற்கென்று ஒரு இடம் இருக்கிறது. நெஞ்செலும்பு முடிந்து வயிறு தொடங்கும் இடத்தில் முதலில் ஒரு வெறுமை தெரியும். பிறகு உள்ளே மெல்ல முறுக்கும், விடும். கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முறுக்கும். வாயில் எச்சில் நீர்த்து ஊறும். முந்தைய சாப்பாட்டின் ஏப்பம் அறவே நின்றிருக்கும். முக்கியமாக, அந்தப் பசிக்கு எதைக் கொடுத்தாலும் சம்மதம். ஆசை அப்படியில்லை. அதற்கு வயிற்றில் இடமே கிடையாது, நாக்கிலும் தொண்டையிலும் இருக்கும். குறிப்பிட்ட ஒரு பண்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும், கண்ணுக்குள் அதன் படம் ஓடும், வேறு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்னும். வேறு வேலையில் மூழ்கினால் காணாமல் போய்விடும். நிஜப் பசி போய்விட்டுத் திரும்பி வரும், ஒவ்வொரு தடவையும் இன்னும் உறுதியாக.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறு சாப்பாட்டைப் பற்றியவை. முன்பு சாப்பிட்டது செரித்ததை அறிந்து, நன்றாகப் பசித்த பின் உண் என்பதுதான் அவற்றின் சாரம். மருந்தின் பெயர் ஒன்றுகூட அந்த அதிகாரத்தில் இல்லை.

நிறைவின் அறிகுறியையும் பசியோடு சேர்த்துக் கவனிக்க வேண்டும். போதும் என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்து நமக்கு உறைக்கச் சுமார் 20 நிமிடம் பிடிக்கும். அள்ளிப் போட்டுக்கொண்டு பத்து நிமிடத்தில் எழுபவருக்கு அந்தச் செய்தி கிடைக்க வாய்ப்பே இல்லை. பலருக்கு ஒரு கட்டத்தில் தானாக ஒரு பெருமூச்சு வரும், கை வேகம் குறையும். அதற்குப் பிறகும் சாப்பிட்டால் அது வயிற்றுக்காக இல்லை.

தாகத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரத்தத்தின் அடர்த்தி 1 அல்லது 2 சதவீதம் கூடினாலே மூளை கண்டுபிடித்துத் தாகத்தைக் கிளப்பிவிடும். ஆரோக்கியமானவர் அதை நம்பலாம்.

அடுத்து தூக்கம். தியானம் பழகுபவர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: "உட்கார்ந்தாலே கண் சொக்குகிறது, என்ன செய்ய?" விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் தூக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. காபி அந்த அடினோசினைக் குறைப்பதில்லை, அது உட்கார வேண்டிய இடத்தை மறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். தூக்கம் அப்படியே சேர்ந்துதான் இருக்கும். அதனால் அதிகாலையில் எழ வேண்டும் என்பதற்காக இரவுத் தூக்கத்தை வெட்டிக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் எழ விரும்பினால் சீக்கிரம் படுங்கள். நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தபடி தூங்குவதைவிட, ஆறரைக்குத் தெளிவாக எழுந்து உட்காருவது எனக்கு மேலாகத் தெரிகிறது.

ஆனால் தியானத்தில் வரும் எல்லாச் சொக்கலும் தூக்கக் குறைவால் வருவதில்லை. பௌத்தம் தியானத்தின் ஐந்து தடைகளில் சோம்பலும் மந்தமும் சேர்ந்த ஒன்றையும் வைத்திருக்கிறது. மனசுக்குப் பிடிக்காத ஏதோ ஒன்று எழும்பும்போது அது திரை போட்டுக்கொள்வது போன்ற மந்தம் அது. எழுந்து நில்லுங்கள், கண்ணைத் திறந்து நாலு அடி நடங்கள். தெளிந்துவிட்டால் அது மந்தம், மறுபடி உட்காரலாம். நடக்கும்போதும் கண் சொருகினால் உடம்புக்குத் தூக்கம் வேண்டும், போய்ப் படுங்கள். அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். கீதையின் ஆறாம் அத்தியாயமும் மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் எப்போதும் விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்றுதான் சொல்கிறது.

அசையாமல் உட்காருவதில் அரிப்பு ஒரு நல்ல ஆசிரியர். மூக்கு நுனியில் ஒரு புள்ளியாகத் தொடங்கும். கவனம் அங்கே போனதும் பெரிதாகும், சூடாகும், கை தானாக மேலே வரத் துடிக்கும். இப்போது சொறியாவிட்டால் இனி ஒரு நொடியும் உட்கார முடியாது என்று மனசு சத்தியம் செய்யும். அந்த உச்சத்தில் சும்மா இருந்து பாருங்கள். பெரும்பாலும் அது விளிம்பில் இருந்து கரையத் தொடங்கும், கொஞ்ச நேரத்தில் எங்கே இருந்தது என்றே தெரியாது. ஒரு உந்துதல் எழுந்து, உச்சிக்குப் போய், நாம் ஒன்றும் செய்யாமலேயே அடங்குவதை முழுதாகப் பார்த்தவருக்குக் கோபத்தையும் அப்படிப் பார்க்க முடியும்.

முட்டி வலியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கால் மரத்துப்போவது நரம்பு அழுந்துவதால் வருவது, காலை நீட்டினால் சில நிமிடத்தில் சரியாகும். முட்டிக்குள் குத்தும் வலி வேறு. இடுப்பு மூட்டு போதிய அளவு திரும்பாதபோது அந்தத் திருகலை முட்டி வாங்கிக்கொள்கிறது, உள்ளே இருக்கும் குருத்தெலும்பு நசுங்குகிறது. அதைப் பொறுப்பது தவம் ஆகாது. நாற்காலியில் உட்காருங்கள், தியானம் ஒன்றும் குறைந்துவிடாது.

மூச்சும் அப்படித்தான். மூச்சை அடக்கும்போது வரும் தவிப்பு பெரும்பாலும் ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதால் வருகிறது. வேகவேகமாக மூச்சு விட்டுவிட்டு அடக்கினால் கரியமில வாயு முன்னமே குறைந்திருக்கும், தவிப்பு தாமதமாகத்தான் வரும், அதற்குள் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வந்துவிடலாம். தண்ணீருக்குள் இப்படிச் செய்து உயிரை விட்டவர்கள் உண்டு. சுவாசம் அந்த 14 வேகங்களில் ஒன்று என்பதை மறக்க வேண்டாம். கும்பகத்தை, அதாவது மூச்சை அடக்கி நிறுத்தும் பயிற்சியை, நேரில் கற்றுக்கொடுப்பவர் இல்லாமல் பழகாதீர்கள், திணறும்வரை கொண்டுபோகவே வேண்டாம்.

தியானம் பழகினால் உடம்பைக் கேட்கத் தனிக் காது முளைக்கும் என்று சிலர் சொல்வார்கள். அனுபவமுள்ள தியானிகள் தம் இதயத் துடிப்பை உணர்வதில் மற்றவர்களைவிடத் துல்லியமாக இல்லை என்று 2008-ல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. எனக்கு அது ஏமாற்றமாகப் படவில்லை. கேட்கும் ஒலி எல்லாருக்கும் ஒன்றுதான். கேட்டதற்கும் செய்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி கிடைக்கிறது, பயிற்சி தருவது அதைத்தான்.

அப்புறம், உடம்பு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் சத்தமே போடாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். வயதானவர்களுக்குத் தாகம் மங்கிவிடும், அவர்கள் தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும். நீண்ட காலம் சர்க்கரை நோய் உள்ள சிலருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கமும் வியர்வையும் தெரியாமலே போகும், மாரடைப்புகூட வலி இல்லாமல் வரலாம். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், ஒரு பக்கம் கை கால் இழுப்பு, பேச்சுக் குழறல் வந்தால் கவனித்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொரு பக்கம், பதற்றம் உள்ளவர்கள் ஒவ்வொரு துடிப்பையும் நோயாகக் கேட்பார்கள். அவர்கள் கவனத்தைக் கொஞ்சம் வெளியே திருப்புவதுதான் நல்லது. நடை, கைவேலை, நாலு பேரோடு பேச்சு உதவும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பசியில் தொடங்காதீர்கள் என்பேன். கழிவறையில் தொடங்குங்கள். மலம், சிறுநீர் மேல் யாருக்கும் ஆசை கிடையாது, அதனால் அங்கே குரல் கலப்படம் இல்லாமல் வரும். காலைச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடத்தை வேறு எதற்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். போன் வேண்டாம், முக்குவதும் வேண்டாம். வராவிட்டால் எழுந்துவிடுங்கள், மறுநாள் அதே நேரம் மறுபடி. பகலில் எப்போது கூப்பிட்டாலும், தியானத்தின் நடுவில் என்றாலும், எழுந்து போய்விட்டு வாருங்கள். சில வாரத்தில் மங்கிய உந்துதல் தெளிய ஆரம்பிக்கலாம். நீண்ட நாள் மலச்சிக்கலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இது ஒழுங்குக்கு வந்த பிறகு தூக்கத்தை எடுங்கள். பசியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத்தான் நிறைய நாள் பிடிக்கும்.